பலகையில் மாட்டிய சிரிப்பு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குலத்தைக் காலகாலமாகப் பிடித்து ஆட்டிவரும் நிற வேற்றுமை என்னும் சொத்தைப் பல், இன்று காலை பத்து மணிக்குக் கடைத்தெரு முனையில், புதிய பல் மருத்துவமனையின் வாசலில் வைத்து வேரோடு பிடுங்கப்படும். பிடுங்கும் திருப்பணியைப் பெரிய டாக்டரே முன்னின்று செய்வார். வலி இருக்காது. முடிந்ததும் குளிர்பானம் உண்டு.

அழைப்பிதழில் இப்படி அச்சடிக்கவில்லைதான். அதில் 'புதிய கிளைத் திறப்பு விழா' என்று மட்டும் இருந்தது. ஆனால் பெரிய டாக்டரின் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த அழைப்பிதழ் இதுதான்.

அந்த வீட்டுக் கதை தெரியாதவர்களுக்காக ரத்தினச் சுருக்கம். பெரிய டாக்டரின் இளைய மகள், வீட்டில் எல்லோருக்கும் 'சின்னவள்', தன்னோடு பல் மருத்துவம் படித்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவனுடைய தாத்தா எங்கிருந்தோ கப்பலில் வந்து இந்த ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய நிறமும் சுருட்டை முடியும் கொஞ்சமும் குறையாமல் பேரன் வரை வந்து சேர்ந்திருந்தன. மற்றபடி அவன் பிறந்தது இதே ஊர்ப் பெரியாஸ்பத்திரியில், சின்னவள் பிறந்த அதே வார்டில். பேசுவதும் இதே பேச்சுதான். ஆனாலும் "உங்க ஊர்ல மழையெல்லாம் எப்படி?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருத்தர்கூடக் கிடையாது. "இங்க பெஞ்சா அங்கயும் பெய்யும். நாலு தெரு தள்ளித்தான் இருக்கேன்" என்று அவனும் சலிக்காமல் சொல்லிவந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் பெரிய டாக்டர் மாப்பிள்ளையோடு பேசவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. போன மாதம் சாப்பாட்டு மேஜையில், "புதுக் கிளைக்கு மாப்பிள்ளைதான் தலைமை டாக்டர்" என்று தீர்ப்பு வாசிப்பதுபோல் அறிவித்தார். அதை நம்பி அவன் பெரியாஸ்பத்திரி வேலையை விட்டான். அன்றைக்குச் சின்னவள் சந்தோஷத்தில் அழுதாள். சந்தோஷத்தில் அழுவது எப்போதுமே கொஞ்சம் அவசரக் காரியம்.

இன்று காலை அவள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். கட்டுப்பல், உறைப்பல் செய்வது அவள் பிரிவு. மாமியாருக்கு மேல் வரிசையில் முன்பக்கம் மூன்று பல் கிடையாது. அதற்கு மெழுகில் அவளே செய்திருந்த மாதிரிக் கட்டுப்பல் ஒன்று டப்பாவில் பத்திரமாக இருந்தது. நாளைக் காலை போட்டுப் பார்க்க வேண்டும். புது மருத்துவமனையில் முதல் கட்டுப்பல் அத்தைக்குத்தான் என்று அவளுக்கு ஓர் ஆசை.

வாசலில் ஏணி மேல் நின்று போர்டுக்காரர் பலகையைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு கலைஞனின் பெருமை அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"மேடம், நீங்க பார்க்கலையே? சார்கிட்ட சொல்லிடாதீங்க" என்று துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

அவள் கணவன் சிரித்துக்கொண்டிருந்தான். பத்தடி உயரத்துக்கு.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அவள் எடுத்த படம். வீட்டுச் சமையலறையில் மிக்ஸி மூடி பறந்து, சுவர், விட்டம், அவள் மூக்கு என்று எல்லா இடத்திலும் தக்காளி தெறித்த அன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவனைச் சட்டென்று போனில் பிடித்தது. "உன் வீட்டுக்காரர் சிரிக்கவே மாட்டாராடி?" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டதால் குடும்பக் குழுவுக்கு அவளே அனுப்பிவைத்தாள்.

பலகையில் தக்காளி இல்லை. சமையலறை இல்லை. சுற்றிலும் கன்னங்கரேலென்று இருட்டு. அந்த இருட்டுக்குள் அவன் முகமும் ஏறக்குறைய இருட்டாகவே கரைந்திருந்தது. உதட்டில் யாரோ சிவப்பைக் கூட்டியிருந்தார்கள். நடுவில் பல். பல்லின் வெள்ளைகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவள் தொழில். மாதிரிப் பற்களை விசிறிபோல் கோத்து வைத்திருக்கும் ஷேட் கைடை நோயாளியின் வாயருகே பிடித்துப் பிடித்துக் கண் பழகியவள். அந்த வெள்ளை எந்த ஷேட்டிலும் இல்லை. மனுஷ வாயில் முளைக்கிற வெள்ளையே இல்லை அது. டியூப் லைட் வெள்ளை.

மேலே எழுத்து: 'கருமை முகத்தில் வெண்முத்து! உங்கள் வீட்டிலும் இந்த ஒளி!'

கீழே டாக்டர்களின் பெயர்கள். பெரிய டாக்டர், பின்னால் ரயில்போல் பட்டங்கள். அண்ணன், அவன் பட்டங்கள். அவள், அவள் பட்டங்கள். அவ்வளவுதான். இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை தேடினாள்.

"இன்னொரு பேர் இருக்கணுமே. பின்பக்கம் ஏதாவது இருக்கா?"

"பின்பக்கம் செவுரு மேடம்" என்றார் போர்டுக்காரர். பிறகு தொழில் ஆர்வத்தில், "ஆளு வெளிநாட்டு மாடலா? நெட்ல எடுத்ததா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்."

ஏணி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. "ஐயையோ! சார் சொல்லவே இல்லையே மேடம். நான் பாட்டுக்குக் கொஞ்சம் தூக்கலா அடிச்சுட்டேன்."

"எதை?"

"கலரைத்தான். பல்லு எடுப்பா தெரியணும்னு சார் சொன்னாரு."

பெரிய டாக்டர் தம் புது அறையில், நோயாளி நாற்காலியின் விளக்கைத் தம் முகத்தின் மேல் திருப்பி வைத்துக்கொண்டு, சுவர்க் கண்ணாடி முன்னால் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "பேதங்கள் அற்ற ஒரு புதிய பல் உலகம்..." என்பதில் கையை எங்கே உயர்த்துவது என்று முடிவாகாமல் இருந்தது.

"அப்பா, அந்த போர்டை இப்பவே இறக்கச் சொல்லுங்க."

"பார்த்துட்டியா! உனக்கு எல்லாத்துலயும் அவசரம். சரி, எப்படி?"

"இறக்கச் சொல்றேன்ப்பா."

"கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. எனக்கும் நேத்து பார்த்தப்ப அப்படித்தாம்மா ஆயிடுச்சு."

"அவர் பேரே அதுல இல்ல."

"முகமே பத்தடி இருக்கு. பேர் எதுக்கு?"

"அப்ப உங்க முகத்தை வெச்சுட்டு, அவர் பேரைப் போட்டிருக்கலாமே."

"அப்பா முகத்தைப் போட்டா யாருடி உள்ள வருவா?" என்று வரவேற்பு மேஜையில் பூச்சாடி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது. அம்மாதான் எல்லாக் கிளைகளிலும் வரவேற்பு. ஊரில் எந்தப் பேச்சும் அவர் காதுக்குத் தப்பாது.

பெரிய டாக்டர் விளக்கைத் தள்ளிவிட்டு, மகளை அருகில் உட்காரவைத்து, பொறுமையின் திருவுருவமாக விளக்கினார். "இங்க பாரு. நான் என்ன திட்டியா போட்டிருக்கேன்? திட்டினா தப்பு. இது புகழ்ச்சிம்மா. அவங்க ஜனங்களுக்கே ஆண்டவன் குடுத்த வரம் அந்தப் பல்லு. வாழ்க்கை பூரா ஊர்க்காரங்க வாய்க்குள்ளயே குடித்தனம் பண்ணினவன் சொல்றேன்."

"அவருக்கு ஷேட் பார்த்தது நான். ஏ-மூணு, கொஞ்சம் மஞ்சள். உங்களுக்கும் பார்த்திருக்கேன். அதே ஏ-மூணுதான்."

"என்னோடதா? காபி குடிக்கிற பல்லும்மா இது."

"அவரும் குடிக்கறார். பக்கத்துல இருட்டா இருந்தா எதுவும் வெளுப்பாத்தான் தெரியும். அவ்வளவுதான் விஷயம்."

"அதைத்தானே நானும் போர்டுல எழுதியிருக்கேன்!" என்றார் பெரிய டாக்டர் வெற்றியோடு.

புகழ்ந்தால் என்ன தப்பு? தப்பு என்று தெரிகிறது. எங்கே என்று கையை வைத்துக் காட்டத் தெரியவில்லை. சில வலிகள் அப்படித்தான். எந்தப் பல் என்று கேட்டால் நோயாளி கன்னம் முழுவதையும் காட்டுவார்.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. கல்யாண வரவேற்பில் அண்ணன் மைக்கைப் பிடித்து, "கரண்ட் போனாலும் கவலை இல்லை, மாப்பிள்ளை சிரிச்சா கண்டுபிடிச்சுடலாம்" என்றபோது மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால்தான் அது வேடிக்கை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இப்போது யோசித்தால், எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில்தான் அவன் ஆரம்பித்தான்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "எதுக்கு இவ்வளவு கோவம்? முதல்ல 'கறுப்பு'ன்னுதான் போட்டிருந்தாரு. மாப்பிள்ளைக்கு மரியாதையா இருக்கட்டும்னு நான்தான் 'கருமை'ன்னு மாத்தச் சொன்னேன்."

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பல் மருத்துவர் சங்கத் தலைவர், மருந்துக் கம்பெனிக்காரர்கள், புகைப்படக்காரர் எல்லோரும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"விழா முடியட்டும், பேசலாம்" என்று பெரிய டாக்டர் எழுந்தார். சின்னவள் கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிவருகிறான். வண்டி ஓட்டும்போது போன் எடுக்காத உத்தமன். இந்த ஒரு நாளாவது எடுத்துத் தொலைத்திருக்கலாம்.

விழா ஆரம்பமானது. பெரிய டாக்டர் பேதங்களை ஒழித்தார். பல் எல்லோருக்கும் வெள்ளை, ஈறு எல்லோருக்கும் சிவப்பு என்றார். தம் குடும்பமே உலகத்துக்கு ஒரு உதாரணம் என்றார். கையை மூன்று இடங்களில் உயர்த்தினார். பிறகு கயிற்றை இழுத்தார்.

துணி விழவில்லை. மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக எதிலோ மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரும் சேர்ந்து இழுத்தார். கடைசியில் போர்டுக்காரர் ஒரு கழியைக் கொண்டுவந்து, படத்தின் மூக்கில் ஒரு குத்து குத்தி விடுவித்தார். துணி சரிந்தது. கைதட்டல் எழுந்தது. கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ, "ப்பா, என்ன பல்லுடா!" என்றார்கள்.

சின்னவள் பலகையைப் பார்க்கவில்லை. அம்மாவோடு அப்போதுதான் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்ற கணவனைப் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறபோது வருகிற முகம் அது. கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. எவ்வளவு ஆழம் என்று மட்டும் அளக்கிற முகம்.

பக்கத்தில் அவன் அம்மா, இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு வந்தவர், அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டார். மூன்று பல் போனதிலிருந்து வந்த பழக்கம்தான். ஆனால் இன்று கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"சம்பந்தியம்மா!" என்று பெரிய டாக்டர் மைக்கிலேயே கூப்பிட்டார். "உங்க குடும்பத்துப் பல்லு ஒவ்வொண்ணும் இரும்பு! எங்க, கொஞ்சம் சிரிங்க, எல்லாரும் பார்க்கட்டும்!"

அந்த அம்மாள் கையை எடுக்கவில்லை. கைக்குப் பின்னால் சிரித்தாரா என்பது கைக்குத்தான் தெரியும்.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். சின்னவள் பின்னாலேயே ஓடினாள். சிகிச்சை அறையில் அவன் கையுறை போட்டுக்கொண்டு, வேர் சிகிச்சைக்கான மெல்லிய ஊசிகளை அளவு வாரியாகத் தட்டில் அடுக்க ஆரம்பித்திருந்தான். நோயாளி யாரும் இன்னும் வரவில்லை.

"எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது" என்றாள்.

"படம் நீ எடுத்ததுதானே?"

"ஆமா."

"தக்காளி எங்க போச்சு?"

தனியாக இருக்கும்போது அவர்களுக்குள் நீ, நான்தான். வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த காலத்துப் பழக்கம்.

"எங்கப்பாவுக்கு பஸ் டிப்போல என்ன பேரு தெரியுமா உனக்கு?" ஊசிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தெரியாது."

"பல்பொடி. அப்ப ஒரு பல்பொடி வந்துச்சாம். டப்பா மேல ஒரு கறுப்பு மூஞ்சி, வாய் பூரா பல்லு. இப்ப வாசல்ல மாட்டியிருக்கே, அதே மூஞ்சிதான். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே எவனோ பேரு வெச்சுட்டான். அப்புறம் மேஸ்திரிலேர்ந்து மேனேஜர் வரைக்கும் 'ஏ பல்பொடி, இங்க வா'தான். டப்பா கடையை விட்டுப் போயிடுச்சு. பேரு போகல."

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சிரிப்பாரு. வேற என்ன பண்ணுவாரு? கோச்சுக்கிட்டா, 'வேடிக்கைகூடத் தெரியல பாரு'ம்பாங்க. பகல் பூரா அங்க சிரிச்சுட்டு வீட்டுக்கு வருவாரு. வீட்ல சிரிக்க மாட்டாரு. இருந்த சரக்கு அங்கயே தீர்ந்துடும்."

ஓர் ஊசியை எடுத்து, இடம் மாற்றி வைத்தான்.

"செத்தப்ப டிப்போலேர்ந்து பெரிய மலர்வளையம் வந்துச்சு. 'எங்கள் அன்புப் பல்பொடிக்கு'ன்னு எழுதி. எல்லாரும் நிஜமாவே அழுதாங்க. அன்புல ஒரு குறையும் சொல்ல முடியாது. அம்மா அந்த எழுத்து தெரியாதபடி வளையத்தைத் திருப்பி வெச்சாங்க. எங்கூட நின்ன ஒருத்தர், 'ஆமா தம்பி, அப்பாவோட நிஜப் பேரு என்ன?'ன்னு கேட்டாரு. முப்பது வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவரு."

"இவ்வளவு நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "நீ பல் டாக்டர் வீட்டுப் பொண்ணு. சொன்னா எங்க சிரிச்சுடுவியோன்னு இருந்துச்சு."

"சிரிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்ல வந்தாள் சின்னவள். கல்யாண மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது.

கதவு திறந்தது. கன்னம் வீங்கி, தாடையை அடியில் தாங்கிப் பிடித்தபடி ஒரு நடுத்தர வயசுக்காரர் உள்ளே வந்தார். எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவர். விழாவுக்காக வந்தவர் இல்லை, வலிக்காக வந்தவர். அவனைப் பார்த்ததும் அந்த வலியிலும் முகம் மலர்ந்தது.

"அட, போர்டுல இருக்கறது நீங்கதானே? நேர்ல அவ்வளவு மோசமா இல்லீங்க. கொஞ்சம் கலராத்தான் இருக்கீங்க."

"உட்காருங்க."

"டாக்டர் எப்ப வருவாரு?"

"நான்தான் டாக்டர்."

"விளையாடாதீங்க தம்பி. உயிர் போகுது எனக்கு." அவர் சின்னவளைப் பார்த்தார். "ஏம்மா, விளம்பரத்துக்கு வந்தவரை ஏன் உள்ள விட்டிருக்கீங்க?"

"அவர்தாங்க தலைமை டாக்டர்" என்றாள் சின்னவள். சொல்லும்போதே அது பொய்போல் ஒலித்தது. வாசலில் அத்தனை பெரிய சாட்சி தொங்குகிறதே.

சைக்கிள் கடைக்காரர் கொஞ்ச நேரம் மரியாதைக்கும் வலிக்கும் நடுவில் தவித்தார். கடைசியில் வலி ஜெயித்தது. உட்கார்ந்தார். அவன் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் திரையை மாட்டி, வேலையை ஆரம்பித்தான். ஆள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எதிர்பார்த்த வலி வராததால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே புயலாக நுழைந்தார். பின்னால் புகைப்படக்காரர் வாசலிலேயே நின்றார்.

"மாப்பிள்ளை! ரெண்டே நிமிஷம். போர்டுக்குக் கீழ நின்னு அதே சிரிப்பு ஒண்ணு. பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க."

"வாய் திறந்திருக்கு மாமா."

"யாரோடது?"

"பேஷண்டோடது."

"மரத்துத்தானே போயிருக்கு, இருக்கட்டும். உங்களுக்காக எவ்வளவு பண்ணியிருக்கேன் மாப்பிள்ளை! உங்க ஜனங்க எப்பவும் சிரிச்ச முகம்னு ஊர்ல நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? இன்னிக்குப் பார்த்து இப்படி உம்முன்னு இருந்தா எப்படி?"

அவன் கையிலிருந்த ஊசியை எடுக்காமல், தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னான்: "என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க மாமா. வரேன்."

பெரிய டாக்டர் வாயைத் திறந்தார்.

அவன் பெயர் அவர்கள் பக்கத்துப் பெயர். கொஞ்சம் நீளம். கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருந்தார். அதற்கப்புறம் மாப்பிள்ளை என்ற சொல்லே எல்லாக் காரியத்தையும் நடத்திக் கொடுத்துவிட்டது. முதல் பாதி நாக்கு நுனிக்கு வந்தது. மறுபாதி வரவில்லை. நாற்காலியில் சைக்கிள் கடைக்காரரும் வாயைத் திறந்தபடிதான் இருந்தார். அந்த அறையில் இரண்டு வாய்கள் திறந்திருந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை.

பெரிய டாக்டர் வாயை மூடிக்கொண்டு வெளியே போனார். சின்னவள் நடைவழியில் அவரை மறித்தாள்.

"அவர் போயிடுவாருப்பா."

"எங்க போவாரு? வேலையைத்தான் விட்டுட்டாரே."

சொல்லிவிட்டுத்தான் அது எப்படி இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. பிறகு குரலை இறக்கினார். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? என் மனசுல ஒரு துளி விஷம் இருந்தா சொல்லு."

"இல்லப்பா. அதனாலதான் உங்ககிட்ட சொல்லிப் புரியவைக்க முடியல. விஷம் இருந்தா நீங்களே பார்த்து ஒளிச்சு வெச்சிருப்பீங்க. இதைப் பத்தடிக்கு மாட்டி வெச்சிருக்கீங்க. அவங்கப்பாவை ஒரு டப்பாவைக் காட்டி ஆயுசு பூரா சிரிக்க வெச்சாங்க. நீங்க இவரையே டப்பா ஆக்கிட்டீங்க."

பெரிய டாக்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. பிறகு தெளிந்தது.

"புரியுது, புரியுது. படம் ரொம்பக் கறுப்பா விழுந்துடுச்சு. கலரைக் கொஞ்சம் குறைச்சுடச் சொல்றேன்."

"அப்பா!"

"சும்மா எடுத்துடுங்க" என்றது ஒரு குரல். அம்மா. கையில் குளிர்பானத் தட்டு, அதில் ஒரே ஒரு கண்ணாடி டம்ளர், நிரம்பி, தொடப்படாமல். "சம்பந்தியம்மா ஒரு மூலையில உட்கார்ந்திருக்காங்க. வர்றவங்க எல்லாம் போர்டையும் அவங்களையும் மாத்தி மாத்திப் பார்க்கறாங்க. ஒரு வாய் குடிக்கல. கையை வாயிலேர்ந்து எடுத்தாத்தானே குடிக்க முடியும்? எனக்குப் பார்க்க முடியல. எடுத்துடுங்க."

பெரிய டாக்டர் சுவரோரப் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். உலகத்துக்காக ஒரு பெரிய தியாகம் செய்யப் போகிறவரின் அமைதி முகத்தில் படர்ந்தது. மகள் தலையில் கையை வைத்தார். 

"எடுத்துடறேன்மா. நாளைக்குக் காலைல அது அங்க இருக்காது. உன் தலைல அடிச்சுச் சொல்றேன். போதுமா?"

சின்னவள் அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மனுஷரானாலும் அப்பா அப்பாதான் என்று தோன்றியது.

மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்தது. சைக்கிள் கடைக்காரர் பாதி மரத்த முகத்தோடு வெளியே வந்து, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஊசி போட்டதே தெரியல டாக்டர். என்ன கை உங்க கை!" பிறகு வரவேற்பு மேஜையில் குனிந்து அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார்: "எதுக்கும் ஒரு வாட்டி பெரிய டாக்டரையும் பார்க்கச் சொல்லிடலாமாம்மா?"

வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் சின்னவள், அவன், அவன் அம்மா மூவரும் நின்றார்கள். நேர் மேலே பலகை. மூவருமே தலையைத் தூக்காமல் நின்றார்கள்.

"உங்கப்பா மேல எனக்குக் கோவம் இல்லம்மா" என்றார் மாமியார். "கோவப்பட்டுப் பழக்கம் விட்டுப்போச்சு."

"நாளைக்கு வருவீங்கதானே அத்தை? பல்லு போட்டுப் பார்க்கணும்."

அவர் மகனைப் பார்த்தார். மகன் சாவியைப் பார்த்தான்.

"ஒம்பது மணிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரேன்" என்றான். "முனை திரும்பினதும் போர்டு தெரியும். அது அங்க இருந்துச்சுன்னா வண்டியை நிறுத்த மாட்டேன். அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன். உன்னையும் எங்கூட வரச்சொல்லிக் கூப்பிட மாட்டேன். அது நீ எடுக்க வேண்டிய முடிவு."

"இருக்காது" என்றாள் சின்னவள். "அப்பா என் தலைல கை வெச்சுச் சொல்லியிருக்காரு. அவர் இதுவரைக்கும் சொன்ன வாக்கு தவறினதே இல்ல. நான் பொறுப்பு. என்னை நம்பு."

அவன் சாவியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு, சிரிக்கவில்லைதான், ஆனால் காலையிலிருந்து இறுகிக் கிடந்த தாடை ஒரு நூல் தளர்ந்தது.

"சரி. உன்னை நம்பறேன்."

அவன் அம்மா வாயிலிருந்து கையை எடுத்தார். மருமகளின் கன்னத்தைத் தொட்டார். பல் இல்லாத இடம் நன்றாகவே தெரிய, சிரித்தார். வண்டி கிளம்பிப் போனது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று சின்னவள் உறுதியாக நம்பினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பலகை அதே இடத்தில் இருந்தது. முகத்தை மட்டும் இரண்டு ஷேட் வெளுப்பாக்கியிருந்தார்கள்.